காணாமையும் இன்மையும்: ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தேடும் நெறியின் வரலாறு

ஒரு பொருள் உண்டு என்பதை அறிதற்கு அளவை வேண்டியவாறே, அஃது இல்லை என்பதை அறிதற்கும் அளவை வேண்டும் என்பது இந்திய அளவை நூலார் கண்ட உண்மை. நிலத்திற் குடமில்லை என்னும் அறிவு எங்ஙனம் பிறக்கின்றது என்னும் வினாவை எழுப்பிக் குமாரிலபட்டரின் வழிவந்த மீமாஞ்சகரும், அத்துவித வேதாந்திகளும் அதனை அநுபலப்தி என்னும் தனியளவையாகக் கொண்டனர். சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியும் அளவைகளை எண்ணுமிடத்து அபாவத்தையும் ஒன்றாக எண்ணிப் பின்னர் யாவற்றையும் காட்சி, அனுமானம், ஆகமம் என்னும் மூன்றனுள் அடக்கிக் கூறும். இவ்வளவை பற்றிய விவாதத்தில் மீமாஞ்சகர் விதித்த கட்டுப்பாடொன்று உண்டு. காணப்படுதற்குரிய பொருளானது, காண்டற்கு வேண்டிய ஏதுக்கள் யாவும் அமைந்த விடத்துங் காணப்படாதாயின் மட்டுமே அஃது இல்லையெனத் துணியலாம். இருள் சூழ்ந்த அறையிற் குடங் காணப்படாமை குடமின்மைக்குச் சான்றாகாது.

இத்தருக்க நுட்பம் ஆராய்ச்சி மாணாக்கர்க்கு இன்றியமையாததாகும். “இப்பொருள் பற்றி இதுவரை எவரும் ஆராய்ந்திலர்” என்னும் வாக்கியம் ஆராய்ச்சி நூல்களின் முன்னுரைகளிற் பெருவழக்காக உள்ளது. அது மெய்யாயின் அவ்வாராய்ச்சியின் புதுமைக்கு அதுவே அடித்தளம். பொய்யாயின் முன்னோர் செய்ததையே மீண்டுஞ் செய்த வீண் முயற்சியாக முடியும். சிலவிடத்து உயிர்க்கேட்டுக்கும் அதுவே காரணமாதல் கூடும். ஆகவே, பிறர் எழுதிய கட்டுரைகளைத் தேடிக் காணும் வகையையும், காணாதவிடத்து இல்லையென்று கூறும் உரிமை எப்போது பிறக்கின்றது என்பதையும் அறிதல் வேண்டும். இவ்வறிவு ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டுகளாகச் சிறிது சிறிதாக வளர்ந்த வரலாற்றை ஈண்டு நோக்குவாம்.

சஞ்சிகைகளின் தோற்றமும் பெருக்கமும்

பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஐரோப்பிய அறிஞர் தாங் கண்டவற்றைக் கடிதங்கள் வாயிலாகவும் நூல்கள் வாயிலாகவுமே பிறர்க்கு அறிவித்து வந்தனர். 1665ஆம் ஆண்டு தை மாதத்திற் பாரிஸ் நகரில் ‘ஜூர்னால் தே சாவான்’ என்னும் சஞ்சிகை தோன்றிற்று. அதே ஆண்டு பங்குனியில் இலண்டன் றோயல் சங்கத்தின் செயலாளராயிருந்த ஹென்றி ஓல்டன்பேர்க் ‘பிலொசொபிக்கல் ற்றான்ஸாக்ஷன்ஸ்’ என்னும் சஞ்சிகையைத் தொடங்கினார். அக்காலத்து அறிஞன் ஒருவன் வெளிவந்த சஞ்சிகைகள் அனைத்தையும் வாசித்து முடித்தல் கூடும். தேடுதல் என்னும் தொழிலே அவனுக்கு வேண்டியிருக்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நிலை முற்றும் மாறிற்று. நாடுதோறும் நகர்தோறும் அறிஞர் சங்கங்கள் எழுந்தன. ஒவ்வொன்றும் தனக்கெனச் சஞ்சிகை நடத்திற்று. ஒருவராலும் அனைத்தையும் வாசித்தல் இயலாதாயிற்று. 1830இல் ஜேர்மனியில் இரசாயனக் கட்டுரைகளின் பொழிப்பைத் திரட்டித் தருஞ் சஞ்சிகையொன்று தொடங்கப்பட்டமை இந்நெருக்கடியின் விளைவேயாம். 1855இல் அமெரிக்கப் பௌதிகவியலறிஞரான ஜோசப் ஹென்றி, விஞ்ஞானக் கட்டுரைகள் அனைத்துக்கும் ஒரு பொதுப் பட்டியல் வேண்டுமென்று பிரித்தானிய விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்துக்கு எடுத்துரைத்தார். அதன் பயனாக றோயல் சங்கம் 1867 முதல் 1925 வரை பத்தொன்பது பெருந் தொகுதிகளில் ‘விஞ்ஞானக் கட்டுரைப் பட்டியலை’ வெளியிட்டது. 1800 தொடக்கம் 1900 வரையுள்ள ஒரு நூற்றாண்டுக் கட்டுரைகள் அதனுள் அடங்கின.

இப்பெரும் பணியில் ஒரு குறை இருந்தது. பட்டியல் ஆசிரியர் பெயர் வரிசையில் அமைந்தது. இன்னார் எழுதினார் என்பதை முன்னரே அறிந்தவனுக்கு அது வழிகாட்டும். இன்ன பொருள் பற்றி எவர் எழுதினார் என வினவுவோனுக்கு அது வாய்திறவாது. இக்குறையை உணர்ந்து பொருளடைவு ஒன்றையுந் தொடங்கினர். தூய கணிதம், பொறியியக்கவியல், பௌதிகவியல் என்னும் மூன்று துறைகளோடு அது நின்றுவிட்டது.

பொருள்வழித் தேடல் இல்லாதவிடத்து நேருங் கேட்டிற்கு மெண்டெலின் கதை தக்க சான்றாகும். புரூன் நகரத்துத் துறவி மடத்தில் வாழ்ந்த கிரெகோர் மெண்டெல் பட்டாணிச் செடிகளை ஆண்டுக்கணக்கிற் பயிரிட்டுத் தலைமுறைப் பண்புகள் இறங்கும் விதிகளைக் கண்டார். அக்கட்டுரை 1866இல் அந்நகரத்து இயற்கை விஞ்ஞானச் சங்கத்தின் சஞ்சிகையில் அச்சாயிற்று. கட்டுரை மறைக்கப்படவுமில்லை, அழிக்கப்படவுமில்லை. 1881இற் கலப்பினத் தாவரங்கள் பற்றி வில்ஹெல்ம் போக்க என்பார் எழுதிய நூலிலும் மெண்டெலின் பெயர் இடம்பெற்றது. எனினும், 1900இல் டீ விறீஸ், கொறென்ஸ், செர்மாக் என்போர் அவ்விதிகளைத் தம் ஆய்வுகள் வாயிலாக அணுகிய பின்னரே உலகம் அக்கட்டுரையின் பெறுமதியை அறிந்தது. முப்பத்துநான்கு ஆண்டுகள் குடம் நிலத்திலேயே இருந்தது. அதனைக் காண்டற்குரிய விளக்கும், இது குடமென அறியுங் கண்ணும் இல்லாதிருந்தன.

பொருள்வழித் தேடலை வகுத்தோர்

பொருள்வழித் தேடலுக்கு முறையான வடிவந் தந்தோருள் முதலில் நினைக்கத் தக்கவர் ஜோன் ஷோ பில்லிங்ஸ் என்னும் அமெரிக்கப் படைத்துறை மருத்துவர். வாஷிங்டனிற் படைத்துறைத் தலைமை மருத்துவரின் நூலகத்தைப் பேணிய அவர், றொபேட் பிளெச்சரின் துணையுடன் 1879இல் ‘இன்டெக்ஸ் மெடிக்கஸ்’ என்னும் மாத வெளியீட்டைத் தொடங்கினார். உலக மருத்துவச் சஞ்சிகைகளில் வந்த கட்டுரைகள் நோயின் பெயராலும் உறுப்பின் பெயராலும் பிறவற்றாலும் அதில் வகுக்கப்பட்டன.

1895இற் பெல்ஜிய நாட்டுப் பிரசெல்ஸ் நகரில் போல் ஒட்லே, ஹென்றி லா பொன்தேன் என்னும் இரு சட்ட அறிஞர் இதனினும் பேரவாக் கொண்டனர். எல்லா மொழிகளிலும் எல்லாத் துறைகளிலும் வெளிவந்த எழுத்துக்களைச் சிறு அட்டைகளிற் பதிந்து பொருள்வாரியாக அடுக்கத் துணிந்தனர். அவ்வட்டைகள் நாளடைவில் ஒரு கோடிக்கு மேற்பட்டன. வேற்று நாட்டவர் தபால் மூலம் அனுப்பிய வினாக்களுக்கு அட்டைகளைப் பார்த்து விடை எழுதியனுப்பினர். இன்று நொடிப்பொழுதில் நிகழுந் தேடலின் முன்னோடி அத்தபால் வினாவே எனலாம்.

இவ்வரிசையில் தமிழ்நாட்டிற் பிறந்த ஓர் அறிஞருக்கும் உயர்ந்த இடமுண்டு. சீர்காழியில் 1892இற் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் கணித ஆசிரியராயிருந்து 1924இற் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக நியமிக்கப்பட்டார். அவர் 1931இல் வெளியிட்ட நூலக இயலின் ஐந்து விதிகளுள் நான்காவது, வாசகனின் காலத்தை மீதப்படுத்துக என்பதாகும். 1933இல் வெளிவந்த கோலன் பகுப்புமுறையில் அவர் கண்ட உண்மை தேடுவோர்க்கு இன்றும் பயன்படுவது. ஒரு பொருளை ஒரே பெட்டியுள் அடைத்தல் இயலாது. ஒவ்வொரு பொருளுக்கும் பல முகங்கள் உண்டு. எப்பொருள், அதன் எக்கூறு, அதில் நிகழ்வது யாது, எவ்விடத்து, எக்காலத்து எனப் பிரித்து நோக்கின் எத்துணைச் சிக்கலான பொருளும் தெளிவுபெறும். நூலை வகுப்பதற்கு அவர் கண்ட இம்முறை வினாவை வகுப்பதற்கும் பொருந்துவதாகும்.

தருக்கமும் கணினியும்

இங்கிலாந்தின் லிங்கன் நகரத்திற் பள்ளிக்கூடம் நடத்திவந்த ஜோர்ஜ் பூல் என்பவர் பல்கலைக்கழகப் பட்டம் பெறாதவர். தாமே கற்றுத் தேர்ந்தவர். 1849இல் அயர்லாந்தின் கோக் நகரக் கல்லூரியிற் கணிதப் பேராசிரியரான அவர், 1854இல் வெளியிட்ட சிந்தனை விதிகள் பற்றிய நூலிற் சிந்தனையைக் குறியீடுகளால் எழுதிக் கணக்கிடும் முறையை நிறுவினார். ‘இதுவும் அதுவும்’, ‘இது அல்லது அது’, ‘இது அன்று’ என்னும் மூன்று இணைப்புக்களே அதன் உயிர்நாடி. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின் கணினி தோன்றியபோது, அட்டைப் பெட்டியினின்றும் தரவுத்தளத்துக்கு மாறிய தேடல் இம்மூன்று இணைப்புக்களையே தன் மொழியாகக் கொண்டது.

மாற்றம் விரைந்து நிகழ்ந்தது. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1960இல் மருத்துவப் பொருட்டலைப்புக்களின் கட்டுப்பாடான சொற்பட்டியலை வெளியிட்டது. 1964இல் அதன் கட்டுரை அடைவு கணினிமயமாயிற்று. 1971இல் ‘மெட்லைன்’ என்னும் பெயரில் தொலைபேசிக் கம்பி வழியே தேடத்தக்கதாயிற்று. 1972இல் ‘டயலொக்’ என்னும் வணிகச் சேவை தோன்றியது. 1995இற் பழஞ் சஞ்சிகைகளை முழுவதும் படியெடுத்துக் காக்கும் ‘ஜேஸ்ரோர்’ நிறுவப்பட்டது. 1996இல் ‘பப்மெட்’, 2004இல் ‘கூகிள் ஸ்கொலர்’ என்பன தோன்றின. முன்பு நூலகரின் துணையின்றி நெருங்கவியலாத பட்டியல்கள் இன்று கிராமத்து மாணவனின் கையிலும் உள்ளன.

இவற்றுடன் வேறொரு வழியும் திறக்கப்பட்டது. அமெரிக்க வழக்கறிஞர் 1873 முதல் ஷெப்பேட் என்பாரின் அடைவைப் பயன்படுத்தி, ஒரு தீர்ப்பைப் பின்வந்த தீர்ப்புக்களுள் எவை எடுத்தாண்டன என அறிந்துவந்தனர். யூஜீன் காபீல்ட் இம்முறையை விஞ்ஞானக் கட்டுரைகளுக்கும் பொருத்தலாம் என 1955இல் எழுதினார். 1964 முதல் விஞ்ஞான மேற்கோளடைவு ஒழுங்காக வெளிவரலாயிற்று. ஒரு கட்டுரையின் அடிக்குறிப்புக்கள் அதற்கு முந்திய கட்டுரைகளையே காட்டும். மேற்கோளடைவோ அதற்குப் பிந்திய கட்டுரைகளைக் காட்டும். சொல் மாறினும், பெயர் மாறினும், துறை மாறினும், மேற்கோளென்னும் இழை அறாது.

கருவியின் எல்லை

கருவி வளர்ந்தது, தேடுவோனின் அறியாமை நீங்கிற்றா என்பது வேறு வினா. இங்கிலாந்தின் கிரான்பீல்ட் விமானவியற் கல்லூரி நூலகரான சிறில் கிளெவடன் 1950களின் பிற்பகுதி முதல் 1966 வரை இதனைப் பரிசோதனை வாயிலாக ஆராய்ந்தார். வேண்டிய கட்டுரைகளுள் எத்தனை அகப்பட்டன என்பது ஓரளவு. அகப்பட்டவற்றுள் எத்தனை வேண்டியவை என்பது மற்றோரளவு. முன்னதை நிறைவு என்றும் பின்னதைச் செம்மை என்றுங் கூறலாம். வலையின் கண்ணைச் சிறிதாக்கினாற் சிறு மீனும் அகப்படும்; குப்பையுஞ் சேரும். கண்ணைப் பெரிதாக்கினாற் குப்பை குறையும், மீனுந் தப்பும். நிறைவும் செம்மையும் பொதுவாக ஒன்றுக்கொன்று மாறாகவே நடக்கும் என்பதை அவர் சோதனைகள் காட்டின.

செம்மைக் குறைவு கண்ணுக்குத் தெரியும். வேண்டாத கட்டுரை முன்னே வந்து நிற்கும். நிறைவுக் குறைவோ கண்ணுக்குத் தெரியாது. இதனை 1985இற் பிளெயர், மாறன் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர் ஐயத்துக்கிடமின்றி நிறுவினர். பெரிய வழக்கொன்றுக்காக ஏறத்தாழ 40,000 ஆவணங்கள் கணினியில் ஏற்றப்பட்டிருந்தன. தேடிய வழக்கறிஞர் தமக்கு வேண்டியவற்றுள் நூற்றுக்கு 75 வீதத்தைப் பெற்றுவிட்டதாக நம்பினர். ஆய்வாளர் அளந்தபோது உண்மையில் அகப்பட்டவை நூற்றுக்கு 20 வீதமளவே எனப் புலப்பட்டது. காரணம் யாதெனின், ஒரு சாரார் ‘விபத்து’ என்றெழுதியதை மற்றொரு சாரார் ‘நிகழ்வு’ என்றும் ‘நிலைமை’ என்றும் ‘பிரச்சினை’ என்றும் எழுதியிருந்தனர். சொல்லைத் தேடியோர் பொருளைத் தவறவிட்டனர். எண்பது வீதம் கைதப்பியமை அவர்க்கு எவ்வாற்றானும் புலப்படவில்லை என்பதே ஈண்டு நோக்கற்பாலது.

இக்குறை உயிரோடு தொடர்புற்ற நிகழ்ச்சியொன்று 2001இல் அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் நேர்ந்தது. ஈளைநோய் ஆய்வொன்றிற்கு நல்ல உடல்நலமுள்ள இருபத்துநான்கு வயது இளம்பெண்ணொருத்தி தானாக முன்வந்தாள். ஹெக்சமெதோனியம் என்னும் மருந்தை அவள் மூச்சுவழி உட்கொண்டாள். 1950களில் இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கப்பட்ட பழைய மருந்து அது. அவளது நுரையீரல் பழுதுற்று, ஒரு மாதத்துள் உயிர் நீங்கிற்று. ஆய்வுக்கு முன் மருந்தின் தீங்கு பற்றித் தேடாமலில்லை; தேடியிருந்தனர். ஆயின் தேடிய தரவுத்தளம் அக்காலத்தில் 1966ஆம் ஆண்டு வரையே பின்னோக்கிச் சென்றது. இம்மருந்தை உட்கொண்டோர்க்கு நேர்ந்த நுரையீரற் கேட்டைப் பேசிய கட்டுரைகள் 1950களில் அச்சானவை. நூலகத்தின் அச்சு அடைவுகளில் அவை இருந்தன. திரையிற் காணாமை, உலகில் இன்மையாகக் கொள்ளப்பட்டது. அத்தரவுத்தளத்தில் 1966க்கு முற்பட்ட பதிவுகள் பின்னர் சேர்க்கப்பட்டன. எனினும், எத்தரவுத்தளத்துக்கும் ஓரெல்லை உண்டு என்னும் பாடம் மாறாதது.

தேடலின் சிறப்பைக் காட்டும் மறுபக்கமும் உண்டு. சிக்காகோப் பல்கலைக்கழகத்து டொன் சுவான்சன் 1986இல் இரு வேறு கட்டுரைத் தொகுதிகளை ஒப்பு நோக்கினார். குளிரில் விரல்களின் இரத்தக் குழாய்கள் சுருங்கும் ‘றேனோ’ நோயில் இரத்தம் தடிப்புறுகின்றது என்பது ஒரு தொகுதியின் கூற்று. மீனெண்ணெய் இரத்தத்தின் தடிப்பைக் குறைக்கும் என்பது மற்றத் தொகுதியின் கூற்று. ஒன்றையொன்று மேற்கோள் காட்டாத இவ்விரண்டையும் இணைத்து, மீனெண்ணெய் அந்நோய்க்குப் பயன்படலாம் என அவர் கூறினார். பின்னர் நிகழ்ந்த மருத்துவச் சோதனை அக்கருத்துக்கு ஆதரவளித்தது. எவரும் புதிதாகச் சோதிக்காமலே, எழுதப்பட்டவற்றை முறையாகத் தேடியதனாற் புதிய அறிவு பிறந்தது.

தேடும் நெறி

வரலாறு கற்பித்த இப்பாடங்களை ஓர் எடுத்துக்காட்டின் மேல் வைத்து நோக்குதல் தெளிவு தரும். 1934-35ஆம் ஆண்டுகளில் இலங்கையிற் பரவி ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்ட மலேரியாக் கொள்ளைநோய் பற்றி மாணவனொருவன் ஆராயப் புகுகின்றான் எனக் கொள்வோம்.

முதலாவதாக, அவன் அரங்கநாதன் காட்டியவாறு தன் வினாவை முகங்களாகப் பகுத்தல் வேண்டும்: நோய், இடம், காலம், காரணம். வினாவை நீண்ட வாக்கியமாக அப்படியே தரவுத்தளத்தில் இடுதல் பயன் குறைந்தது. ஒவ்வொரு முகத்துக்குந் தனித்தனிச் சொற்களை எழுதிக்கொள்ளல் வேண்டும்.

இரண்டாவதாக, ஒவ்வொரு முகத்துக்கும் மாற்றுச் சொற்களைத் திரட்டல் வேண்டும். இடத்தின் பெயரையே நோக்குக. தமிழர்க்கு இந்நாடு என்றும் இலங்கையே. ஆங்கிலத்திலோ 1972 வரை ‘சிலோன்’, அதன்பின் ‘ஸ்ரீலங்கா’. புதுப்பெயரை மட்டும் இட்டுத் தேடும் மாணவன், கொள்ளைநோய்க் காலத்திலேயே எழுதப்பட்ட கட்டுரைகளைப் பெரும்பாலும் இழப்பான். அவ்விழப்பை அவன் அறியவும் மாட்டான். இவ்வாறே நோயின் பெயரோடு, அதனைப் பரப்பிய நுளம்பின் விஞ்ஞானப் பெயராகிய ‘அனோபிலிஸ் கியூலிசிபேசீஸ்’ என்பதையுஞ் சேர்த்தல் வேண்டும். 1934இற் பருவமழை பொய்த்து ஆறுகள் வற்றிக் குட்டைகளான இடங்களில் அந்நுளம்பு பெருகியதாதலின், வரட்சி, ஆற்றுநீர் என்பன பற்றிய சொற்களும், கேகாலை, குருநாகல் முதலிய மாவட்டப் பெயர்களும் வழி திறக்கும்.

மூன்றாவதாக, பூலின் இணைப்புக்களை இடமறிந்து பயன்படுத்தல் வேண்டும். ஒரே முகத்துக்குரிய மாற்றுச் சொற்களை ‘அல்லது’ என்பதனால் இணைத்து அடைப்புக்குறியுள் வைத்தல் வேண்டும். வெவ்வேறு முகங்களை ‘உம்’ என்பதனால் இணைத்தல் வேண்டும். முன்னது வலையை விரிக்கும், பின்னது சுருக்கும். ‘அன்று’ என்பதை அருகியே ஆளவேண்டும். ‘இந்தியா அன்று’ என விலக்கின், இரு நாடுகளையும் ஒருங்கே ஆராய்ந்த சிறந்த கட்டுரையும் விலகிப்போம். சேர்ந்து வரவேண்டிய தொடரை மேற்கோட் குறியுள் இடுதலும், பல தரவுத்தளங்களில் சொல்லின் அடிப்பகுதியோடு உடுக்குறி இட்டு அதன் விகற்பங்களைப் பெறுதலும் பயனுடையன.

நான்காவதாக, ஒரு நல்ல கட்டுரை அகப்பட்டவுடன் தேடலை நிறுத்தாது அதனையே வாயிலாகக் கொள்ளவேண்டும். அதற்கு நூலகர் இட்ட பொருட்டலைப்பு யாதெனக் கண்டு அத்தலைப்பால் மீண்டுந் தேடுக. அதன் அடிக்குறிப்புக்கள் வழியே பின்னோக்கிச் செல்க. காபீல்ட் காட்டிய வழியே அதனை எடுத்தாண்ட பிற்காலக் கட்டுரைகளை நோக்கி முன்செல்க.

ஐந்தாவதாக, கருவியின் எல்லையைக் கேட்டறிதல் வேண்டும். எவ்வாண்டு முதல், எம்மொழிகளில், எத்துறைகளில், எச்சஞ்சிகைகள் இதனுள் அடங்கின என்பதைத் தரவுத்தளத்தின் விளக்கப் பக்கத்திற் காணலாம். கூகிள் ஸ்கொலர் பரந்ததாயினும் தன்னுள் அடங்கிய சஞ்சிகைகளின் முழுப்பட்டியலை வெளியிட்டதில்லை. ஆதலின் அதனைத் தொடக்கமாகக் கொள்ளலாம், முடிவாகக் கொள்ளலாகாது. தேடிய நாள், இடம், சொற்கள் ஆகியவற்றைக் குறித்துவைத்தலும் வேண்டும். வெவ்வேறு வழிகளாற் சென்றும் முன்பு கண்ட கட்டுரைகளே மீண்டும் மீண்டும் எதிர்ப்படுமாயின், அப்பொழுதே தேடல் நிறைவை அணுகிற்று எனலாம்.

இக்காலத்திற்குரிய எச்சரிக்கையொன்றும் உண்டு. அளவை நூலார் காணாமையாகிய குற்றத்தோடு திரிபாகிய குற்றத்தையுங் கூறுவர். இப்பியை வெள்ளியெனக் காண்டல் அது. வினாவுக்கு விடையெழுதுஞ் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் சிலவேளை இல்லாத கட்டுரைகளை ஆசிரியர் பெயருடனும் ஆண்டுடனும் கூறிவிடுகின்றன. 2023இல் நியூயோர்க் நீதிமன்றத்தில் இத்தகைய இல்லாத தீர்ப்புக்களை எடுத்துக்காட்டிய வழக்கறிஞர் தண்டம் இறுக்க நேர்ந்தது. மூலத்தைக் கண்ணாற் காணாது மேற்கோள் காட்டலாகாது என்னும் பழைய ஒழுக்கம் இன்று முன்னையினும் வேண்டப்படுவதாயிற்று.

தமிழ்க் கட்டுரைகளின் நிலை

இனி, தமிழியல் ஆராய்வோர்க்கு இவ்வரலாறு உணர்த்துவது யாதென நோக்குவாம். தமிழ் நூல்களைத் தேடுவோர்க்குப் பட்டியல்கள் நெடுங்காலமாகவே உண்டு. ஜோன் மேர்டொக் 1865இற் சென்னையில் தமிழ் அச்சு நூல்களின் வகைப்படுத்திய பட்டியலை வெளியிட்டார். 1952இல் ‘தமிழ் கல்ச்சர்’ சஞ்சிகையைத் தொடங்கிய தனிநாயகம் அடிகள் 1966இல் மலாயாப் பல்கலைக்கழக வாயிலாகத் தமிழியல் வழிகாட்டி நூலொன்றைத் தந்தார். ஆயின் அதன் பெயரே கூறுமாறு அது நூல்களுக்கு உரியது. சஞ்சிகைகளிலும் மலர்களிலும் கல்லூரி ஆண்டிதழ்களிலும் சிதறிக்கிடக்கும் கட்டுரைகளுட் பெரும்பாலன உலகப் பெருந் தரவுத்தளங்களுள் அடங்காதன.

அடங்கியவற்றுள்ளும் இடர்ப்பாடுகள் உள. தமிழ்ப் பெயரை உரோம எழுத்திற் கூட்டும் முறை பல. தனிநாயகம் என்னும் பெயர் ஒரே சொல்லாகவும் இரு சொற்களாகவும் எழுதப்படும். கார்த்திகேசு சிவத்தம்பி என்னும் பெயரில் முன்னது தந்தையார் பெயர், பின்னதே இயற்பெயர். தமிழர்க்குக் குடும்பப் பெயர் என்பதொன்றில்லாமையை அறியாத மேனாட்டு அடைவுகள் எப்பகுதியை முன்வைக்கும் என்பதைத் துணிதல் அரிது. ஆதலின் பெயரின் பல வடிவங்களையும் இட்டுத் தேடுதல் வேண்டும். பழைய பக்கங்கள் படிமங்களாக மட்டும் உள்ளவிடத்து உள்ளே கிடக்குஞ் சொல்லைக் கணினி காணமாட்டாது. தலைப்பாலும் ஆசிரியராலும் ஆண்டாலும் அணுகிப் பக்கம் பக்கமாக வாசித்தலே வழி.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய சுவடிகளும் அழிந்தன. 2005 முதல் ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் மலர்களையும் படிமமாக்கிக் காத்து வருகின்றது. இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒருங்கு நோக்குவார்க்கு, ஈழத்துத் தமிழாராய்ச்சியிற் காணாமைக்கு மூவகைக் காரணங்கள் உண்டென்பது புலனாகும். எழுதப்படாமை ஒன்று, எழுதப்பட்டு அழிந்தமை ஒன்று, அழியாதிருந்தும் அடைவில் ஏறாமை ஒன்று. மூன்றும் திரையில் ஒரே வெறுமையாகவே தோன்றும். அவற்றை வேறுபிரித்தறிதற்கு ஊர் நூலகத்தின் பழைய கட்டுக்களையும், முதியோர் வீட்டு அலுமாரிகளையும், அக்காலப் புதினத்தாள்களையும் நாடல் வேண்டும். முன்னைய இரண்டையும் மாற்றும் ஆற்றல் எவர்க்குமில்லை. மூன்றாவதோ பொறுமையுள்ள மாணவர் சிலர் கூடித் தத்தம் கல்லூரி ஆண்டிதழ்களின் கட்டுரைத் தலைப்புக்களை ஆசிரியர், ஆண்டு, பக்கம் என்பவற்றுடன் எழுதிவைப்பின் நீங்கத்தக்கது. பில்லிங்ஸின் பணியும் ஒட்லேயின் பணியும் இத்தகைய சிறு குறிப்புக்களினாலேயே வளர்ந்தன.

முடிவுரை

பட்டியலினின்றும் அட்டைக்கும், அட்டையினின்றும் கணினிக்குமாகக் கருவிகள் மாறிவந்துள்ளன. மாறாதது ஒன்றே. தேடுவோன் கண்டதைக் கருவி காட்டும்; காணாததைக் கருவி கூறாது. ஆகவே, எவ்விடத்துத் தேடினேன், எச்சொற்களால் தேடினேன், எவ்வெல்லை வரை தேடினேன் என்று கூறவல்லவனே இல்லையெனக் கூறும் உரிமையுடையான். குடமில்லை என்று துணிவதற்குமுன் விளக்கேற்றினேனா என வினவிய மீமாஞ்சகரின் கட்டுப்பாடு, நிலத்தை நோக்குவோனுக்குப் போலவே திரையை நோக்குவோனுக்கும் உரியதாகும்.